துருக்கிய ஆவணங்களை மொழிபெயர்க்க அனுப்பும் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்கும், உங்கள் அலுவலகங்களில் ஃபைல் தயாரிக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் மட்டக்களப்பில் பிறந்தவள். துருக்கி அரசின் புலமைப்பரிசில் கிடைத்து இஸ்தான்புல் போனேன். முதல் வருடம் மொழியை மட்டும் படித்தேன், பட்டப்படிப்பையும் அங்கேயே முடித்தேன். இப்போது வட லண்டனில் துருக்கிய ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. ஹாரிங்கே, ஹக்னி, என்ஃபீல்ட் பக்கம் துருக்கியரும் குர்தியரும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் நம்மவர்களின் அலுவலகப் படிகளில்தான் ஏறுகிறார்கள். அதனால் அவர்களுடைய பிறப்புப் பதிவும் விவாகரத்துத் தீர்ப்பும் சம்பளச் சீட்டும் உங்கள் கை வழியாக என் மேசைக்கு வருகின்றன. நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு குடும்பப் பதிவுப் பிரதியை மொழிபெயர்க்க வாங்கியிருந்தேன். அனுப்பிய அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அக்கா, அதில முதல் கலியாணம், விவாகரத்து எண்டு ஒரு வரி வரும். அது இந்தக் கேஸுக்குத் தேவையில்லை, விட்டுவிடுங்கோ" என்றார். முடியாது என்றேன். சரி அக்கா என்று வைத்துவிட்டார். அடுத்த நாள் வேலையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். வேறு யாரிடமோ போயிருக்கும். அந்தத் தம்பி ஏமாற்ற நினைத்தார் என்று நான் நம்பவில்லை. என் கையெழுத்து என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இலங்கையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் உண்டு. நம் வீட்டுப் பத்திரங்கள் பலவற்றில் அவருடைய முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். துருக்கியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், யெமின்லி தெர்ஜுமான் என்பார்கள். யெமின் என்றால் சத்தியம். நோட்டர், அதாவது நொத்தாரிசு, முன்னால் நின்று சத்தியம் செய்வார், அது எழுதப்பட்டு அந்த நோட்டர் அலுவலகத்தில் இருக்கும். அடுத்த தெரு நோட்டரிடம் வேலை செய்ய வேண்டுமானால் அங்கேயும் போய்ச் சத்தியம் செய்ய வேண்டும். பிரித்தானியாவில் இப்படி ஓர் அரசு ஏற்பாடு கிடையாது. இங்கே அந்தச் சத்தியத்தின் இடத்தில் இருப்பது மொழிபெயர்ப்போடு இணைக்கும் ஒரு சின்ன அறிக்கை. குடிவரவு விதிகளின் 39பி பந்தியை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மூல ஆவணத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயரும் கையெழுத்தும், தொடர்பு விவரம் எல்லாம் வேண்டும். இந்த நாட்டுக்குள்ளிருந்து விண்ணப்பிக்கிறவருக்கு மொழிபெயர்ப்பாளரின் தகுதி விவரமும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே, அந்தப் பந்தி முழுமையான மொழிபெயர்ப்பைக் கேட்கிறது. ஒரு வரியை விட்டுவிட்டு நான் கையெழுத்துப் போட்டால் அந்த அறிக்கை பொய். மாட்டப்போவது நான் மட்டுமில்லை, உங்கள் கட்சிக்காரரும்தான்.

மாட்டுவது சுலபமும்கூட. துருக்கியில் குடும்பப் பதிவுப் பிரதியை, நுஃபூஸ் கயித் ஓர்னெயி என்று அவர்கள் சொல்வதை, இப்போது இ-டெவ்லெட் என்ற அரசுத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு பார்கோடு எண் இருக்கும். அதே தளத்தில் அந்த எண்ணையும் தாளில் உள்ளவரின் அடையாள எண்ணையும் போட்டால் தாள் முழுசாக வந்து நிற்கும். வீட்டிலிருந்தபடி யாரும் பார்க்கலாம். அந்தத் தாளில் குடும்பமே இருக்கிறது: அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், யார் உயிரோடு, யார் இல்லை. வலது ஓரத்தில் டுஷுன்ஜெலெர் என்றொரு பத்தி உண்டு. நேர்ப்பொருள் எண்ணங்கள். ஆனால் அங்கே இருப்பது கலியாணம், விவாகரத்து, பெயர் மாற்றம், நீதிமன்றத் திருத்தம் எல்லாவற்றின் குறிப்புகள். பொடி எழுத்து, சுருக்கெழுத்து, பார்த்தால் தேவையில்லாத சாமான் மாதிரித்தான் தெரியும். ஒருவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு பத்தியில்தான் கிடக்கிறது. முந்தின கலியாணம் ஒன்று இருந்தால், அதை நீங்கள் உங்கள் கடிதத்தில் இரண்டு வரியில் விளக்குங்கள். மறைத்த வரிதான் ஆபத்து. விளக்கிய வரியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

கலியாணத் தேதி பற்றியும் சொல்லவேண்டும். நம்மவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. கோயிலில் தாலி கட்டுவது ஒரு நாள், எழுத்து வேறொரு நாள். எழுத்து முடிந்தால்தான் சட்டத்துக்குக் கலியாணம். துருக்கியிலும் அதே கதை. 1926ஆம் ஆண்டுக் குடியியல் சட்டம் வந்த நாளிலிருந்து அரசு அதிகாரி நடத்தும் நிகாஹ் மட்டும்தான் செல்லும். ஆனால் கிராமங்களில் இமாம் நிகாஹ் முதலில் நடந்து, குடும்பம் தொடங்கி, பிள்ளையும் பிறந்து, அரசுப் பதிவு சில வருடங்கள் கழித்து நடப்பது உண்டு. உங்கள் கட்சிக்காரர் நேர்காணலில் 2009 என்பார், பதிவில் 2013 என்று இருக்கும். அப்போது எனக்கு ஓர் இமெயில் வரும்: "தேதி தவறு, 2009 என்று மாற்றவும்." தேதி தவறில்லை, அவர் சொன்னதும் பொய்யில்லை, அவை இரண்டு வேறு நாட்கள். பதிவில் 2013 என்றால் என் ஆங்கிலத்திலும் 2013தான் வரும். 2009இன் கதையைச் சொல்ல வேண்டிய இடம் அவருடைய வாக்குமூலம். அதை அவர் வாயால், உங்கள் எழுத்தால் சொல்லுங்கள்.

பிறந்த தேதியும் அப்படித்தான். வயதானவர்கள் பலருடைய பதிவில் ஜனவரி 1 என்று இருக்கும். பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை, பதிய வந்த அன்று அதிகாரி அப்படிப் போட்டுவிட்டார். அதைத் திருத்துவதற்குத் துருக்கியில் நீதிமன்றம் இருக்கிறது, வயதுத் திருத்த வழக்கு என்றே ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளரின் மேசை அதற்கான இடமில்லை.

இனி எனக்கு ரொம்பவே வலித்த ஒரு விஷயம். ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், நேராக என்னிடம் வந்தார். கையில் ஒரு நிராகரிப்புக் கடிதம், ஒரு விவாகரத்துத் தீர்ப்பு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. முந்தின கலியாணம் சட்டப்படி முடிந்ததற்கு ஆதாரமில்லை என்பது கடிதத்தின் சாரம். மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை. துருக்கி மக்களின் பெயரால் என்ற தலைப்பு முதல் நீதிபதியின் கையெழுத்து வரை ஒரு சொல் விடவில்லை. ஆனால் கெசின்லெஷ்மெ ஷெர்ஹி இல்லை.

இந்தச் சொல்லை மட்டும் தயவுசெய்து மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். துருக்கியில் நீதிபதி விவாகரத்துத் தீர்ப்பு சொன்ன அன்றே கலியாணம் முடிந்துவிடாது. எழுதிய தீர்ப்பு இரு தரப்புக்கும் சேர வேண்டும், சேர்ந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம். யாரும் போகாவிட்டாலோ, போய் அதுவும் முடிந்துவிட்டாலோ, இந்தத் தீர்ப்பு இன்ன தேதியில் இறுதியாகிவிட்டது என்று நீதிமன்றம் ஒரு குறிப்புப் போட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வைக்கும். அதுதான் கெசின்லெஷ்மெ ஷெர்ஹி. ஆக ஒரு தீர்ப்புக்கு இரண்டு தேதி. நடுவே பல மாதங்கள்கூட இருக்கலாம். விண்ணப்பத்தில் முந்தின கலியாணம் முடிந்த தேதி என்று கேட்கும் இடத்தில் வரவேண்டியது இரண்டாவது தேதி. இன்னொன்றும் உண்டு. முந்தின கலியாணம் முடிவுக்கு வந்த பெண் மறுமணம் செய்ய 300 நாள் காத்திருக்க வேண்டும் என்று அவர்களுடைய குடியியல் சட்டத்தில் 132ஆம் பிரிவு சொல்கிறது. இடையில் பிள்ளை பிறந்தாலோ நீதிமன்றம் விலக்குக் கொடுத்தாலோ முன்னாலேயே செய்யலாம். தவறான தேதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒழுங்காக நடந்த இரண்டாம் கலியாணமும் சந்தேகமாகத் தெரியும்.

அந்தக் குறிப்பு எங்கே போனது? மூலம் இஸ்மிரில் அவருடைய தங்கையிடம் இருந்தது. என் முன்னால் உட்கார்ந்தபடியே வட்ஸ்அப் வீடியோவில் தங்கையைக் கூப்பிட்டார். தங்கை சமையலறை மேசையில் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். மூன்று பக்கமும் எங்களிடம் இருந்த அதே பக்கங்கள். "கடைசித் தாளைத் திருப்பு" என்றேன். திருப்பினாள். பின்பக்கத்தில், கொஞ்சம் சரிவாக, நீல மையில் முத்திரை, நாலு வரி, ஒரு தேதி, ஒரு கையெழுத்து. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஃபைல் தயாரித்த அலுவலகம் தாள்களை முன்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறது. மொழிபெயர்த்தவருக்கு முன்பக்கம்தான் போனது. அவரும் இறுதிக் குறிப்பு எங்கே என்று கேட்கவில்லை. ஒரு தாளைத் திருப்பாததற்கு அந்தக் குடும்பம் ஒரு வருடத்தைக் கொடுத்திருக்கிறது.

அதனால் முதல் வேண்டுகோள்: வெறும் பின்பக்கமாக இருந்தாலும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். வெறுமையாக இருக்கிறது என்று நான் எழுதிக்கொள்கிறேன். முத்திரை, கைநாட்டு, ஓரக்குறிப்பு, கிழிசல் எல்லாமே ஆவணம்தான்.

சம்பளச் சீட்டுகளுக்கு வருகிறேன். துருக்கியில் ஆயிரத்துக்குப் புள்ளி, சதத்துக்குக் காற்புள்ளி. நம் வழக்கத்துக்கு நேர் எதிர். 2024இல் அங்கே நிகரக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,002 லிராவும் 12 குருஷும். அவர்கள் சீட்டில் அது 17.002,12 என்று இருக்கும். ஆங்கிலக் கண்ணோடு படித்தால் மாதச் சம்பளம் பதினேழு லிராவாகிவிடும். நான் ஆங்கில முறைக்கு மாற்றி, மாற்றியிருக்கிறேன் என்று அடியில் குறிப்பும் போடுவேன். உங்கள் அட்டவணையைத் தயாரிக்கும்போது மூலத்தைப் பார்த்து எழுதாமல் மொழிபெயர்ப்பைப் பார்த்து எழுதுங்கள். பழைய வீட்டுப் பத்திரம், காணிப் பத்திரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 2005 ஜனவரி 1ஆம் தேதி லிராவில் ஆறு பூச்சியத்தை வெட்டினார்கள். அதற்கு முந்தின பத்திரத்தில் கோடிக்கணக்கில் விலை இருந்தால் கட்சிக்காரர் பெரும் பணக்காரர் என்று அர்த்தமில்லை.

பெயர் எழுத்துக்குத்தான் அதிகம் இமெயில் வருகிறது. துருக்கிய மொழியில் புள்ளி வைத்த i ஓர் எழுத்து, புள்ளியில்லாத ı வேறோர் எழுத்து. பெரிய எழுத்திலும் அப்படியே. புள்ளி வைத்தது நம் இகரம். புள்ளியில்லாததை ஆங்கிலேயருக்கு விளக்கப் பாடுபடுவேன், உங்களுக்கு ஒரு வரி போதும்: பாட்டு, காற்று என்று சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, அந்தக் குற்றியலுகரம். இஸ்தான்புல்லில் முதல் வகுப்பிலேயே ஆசிரியர் என் உச்சரிப்பைக் கேட்டு ஆச்சரியப்பட்டார், நான் வீட்டில் பேசுகிற ஒலியைத்தான் சொன்னேன். புள்ளி ஒன்று போனால் எழுத்தே மாறும் என்பதை நம்மைவிட நன்றாக யார் அறிவார்? ஆனால் கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரியில் புள்ளிக்கும் இடமில்லை, வால் வைத்த எழுத்துக்கும் இடமில்லை. ஆகவே பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டின் அடியில் ஒரு மாதிரி, இங்கத்தைய வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள். ஆவணத்தில் உள்ள பெயரை அதே எழுத்துகளோடு எழுதி, கடவுச்சீட்டில் இப்படி இருக்கிறது என்று குறிப்புப் போட என்னால் முடியும். அதற்குக் கடவுச்சீட்டின் படப்பக்கம் எனக்கு வேண்டும். பத்து முறை கேட்டால் இரண்டு முறைதான் வருகிறது.

ஊர்ப்பெயரும் மாறும். 1973 வரை மராஷ், பிறகு கஹ்ரமன்மராஷ். 1984 வரை உர்ஃபா, பிறகு ஷான்லிஉர்ஃபா. தெர்சிம் என்று கட்சிக்காரர் சொல்லும் ஊர் 1935 முதல் பதிவில் துன்ஜெலி. கடவுச்சீட்டில் ஒன்று, அப்பாவின் பழைய பத்திரத்தில் இன்னொன்று என்றால் பதற வேண்டாம். எனக்கு எழுதிக் கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்த்துவிடலாம்.

உறவுமுறையில் ஒரு பலம் நமக்கு இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதில்லை. அப்பாவின் கூடப்பிறந்த ஆண் அம்ஜா, அம்மாவின் கூடப்பிறந்தவர் தாயு, தாய்மாமன். அப்பாவின் சகோதரி ஹலா, நம் அத்தை. அம்மாவின் சகோதரி தெய்ஸெ, நம் பெரியம்மாவோ சின்னம்மாவோ. தமிழுக்கும் துருக்கிக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஆனால் இந்தப் பிரிவு இல்லாத ஆங்கிலத்தில் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. உதவிக் கடிதத்தில் நீங்கள் அங்கிள் என்று மட்டும் எழுதுகிறீர்கள், குடும்பப் பதிவில் அந்தப் பெயரே இல்லை என்று அதிகாரி கேட்கிறார். தாய்மாமன் எப்படி அப்பா வீட்டுப் பதிவில் இருப்பார்? நம் வீட்டில் ஒருவர் மாமா என்றால் எந்த மாமா என்று கேட்கிறோம் இல்லையா, அதைக் கட்சிக்காரரிடமும் கேளுங்கள். அம்மாவின் சகோதரர் என்று எழுதுங்கள், நானும் அப்படித்தான் எழுதுவேன். இன்னொரு விஷயம், துருக்கிய மொழியில் அவனும் இல்லை அவளும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஓ என்ற ஒரே சொல். டெனிஸ் போன்ற பெயர் ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். பழைய தீர்ப்பை மொழிபெயர்க்கும்போது சாட்சி ஆணா பெண்ணா என்று நான் கேட்டால், சின்னக் கேள்வி என்று நினைக்காதீர்கள்.

நோட்டர் முத்திரை பற்றிச் சுருக்கமாக. நிறையப் பேர் துருக்கியிலேயே நோட்டர் உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்துக்குப் பக்கம் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். அந்த நாட்டுக்குள்ளே அதற்கு நல்ல மதிப்பு. ஆனால் நோட்டரின் உறுதிமொழி பெரும்பாலும் துருக்கிய மொழியிலேயே இருக்கும், மொழிபெயர்ப்பாளரின் தொடர்பு விவரமும் பல வேளை இருக்காது. 39பி கேட்பது கிடைக்காமல், இங்கே திரும்பவும் காசு. அப்போஸ்டில் என்ற சர்வதேசச் சான்றும் அதே மாதிரி: மூலத் தாளின் கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டும்தான் அது சொல்லும், மொழிபெயர்ப்பு சரி என்று சொல்லாது. காசு செலவாகும் முன்னால், இன்ன தாளுக்கு இன்னது போதும் என்று கட்சிக்காரரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அவர் ஒரு மாத வாடகையை மிச்சம் பிடிப்பார். ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிச் சம்பாதித்த காசு அது. நம் அப்பாமாரும் அப்படிச் சம்பாதித்துத்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள்.

என் அப்பாவின் பெயரை இந்த நாட்டில் என் குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். விமான நிலையத்தில், வங்கியில், வைத்தியசாலையில் அவருடைய பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது, அவர் இறந்து மூன்று மாதம், நான் திரும்பிப் பார்த்தேன். நம்மில் ஒவ்வொருவர் ஃபைலிலும் இப்படி ஒரு தாள் உண்டு. அதனால்தான் துருக்கிக்காரரின் தாளை நம்மவர் கை அவசரமாகத் தள்ளிவிடும்போது தாங்க முடியவில்லை.

விடச் சொல்லாதீர்கள், மாற்றச் சொல்லாதீர்கள். தாளில் இருப்பது கேஸுக்குச் சிக்கல் என்றால், மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேளுங்கள். துருக்கிய அலுவலகம் எப்படி வேலை செய்கிறது, இந்தக் குறிப்பு ஏன் வந்தது, எந்தத் தாள் கூட வேண்டும் என்று தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு ஒரு சதமும் வேண்டாம். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அனுப்பாமல், நான் ஒரு தடவை படித்து, ஒரு இரவு வைத்து, மறுபடி படிக்க நேரம் கொடுங்கள்.

இஸ்மிர்த் தங்கை மூலத்தையே அனுப்பிவிட்டாள், பொதி நேற்று வந்தது. நாலு வரிக் குறிப்பை இன்றிரவு மொழிபெயர்த்து, தீர்ப்பு முழுவதையும் அதோடு சேர்த்துப் புதிதாகச் சான்றளித்து வைக்கிறேன். அந்தப் பெண்ணின் ஃபைல் இப்போது உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. காலையில் ஆள் அனுப்புங்கள், மூலத்தைக் கையில் தருகிறேன். தாளை இருபுறமும் ஸ்கேன் செய்தபிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
வட லண்டனிலிருந்து ஒரு துருக்கிய - ஆங்கில மொழிபெயர்ப்பாளர்